பழைய எண்

பக்கத்து வீட்டு டிராயிங் வாத்தியாரின் விரல் கம்ப்யூட்டரின் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்திருந்தான் தம்பி. கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவை இன்னும் பார்க்கக்கூட இல்லை. திறந்திருந்த அறைக்கதவு வழியாக அந்த விரல்தான் முதலில் கண்ணில் பட்டது.

"சார், அதுல கை வைக்காதீங்க."

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"போட்டோ எடுக்கத்தான் தம்பி. நல்ல படம் இதுலதான் இருக்குன்னு உங்க மாமா சொன்னாரு."

"என் போன்லயே இருக்கு சார், அனுப்புறேன். இதை மட்டும் ஆன் பண்ண வேணாம்."

அதற்குப் பிறகுதான் அக்காவிடம் போனான். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். முகத்தில் வலி இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. யாரோ சொல்லும் நீளமான கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவளைப் போலத்தான் இருந்தாள். அவன் அழுதான். தெருவில் வரும்போதே அழுதிருக்க வேண்டியது, இங்கே வந்து மொத்தமாக வந்தது.

மாமா அவன் தோளைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தார். பாதி வெள்ளைத் தாடியோடு, ஒரே இரவில் இன்னும் கொஞ்சம் குள்ளமாகிவிட்டவர்போல இருந்தார்.

"ராத்திரி பத்து மணி வரைக்கும் அதுலதான் தட்டிக்கிட்டிருந்தா மாப்ள. ஒரு மாசமா இதே வேலை. என்னத்த எழுதறேன்னு கேட்டா, தம்பி வந்து பாக்கட்டும்னுவா."

"சேவ் பண்ணாளா மாமா?"

"அவளா?" என்றார் மாமா.

அக்கா எதையும் சேமிக்க மாட்டாள். முப்பத்தோரு வருடம் குடிநீர் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவள். அங்கே பதிவேடு எப்போதும் மேசைமேல் திறந்தே கிடக்கும். மோட்டார் போட்டது, நிறுத்தியது, அழுத்தம் இறங்கியது, வால்வு கசிந்தது என்று மணிக்கு ஒரு வரி. ஒருவர் ஷிஃப்ட் முடிந்து போனால் அடுத்தவர் அதற்குக் கீழேயே எழுதுவார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கம்ப்யூட்டரை அப்படித்தான் வைத்துக்கொண்டாள். எழுதுவது திறந்தபடியே இருக்க வேண்டும், காலையில் வந்து அடுத்த வரியைத் தொடர வேண்டும்.

அவளுக்காகத்தான் அந்தப் பழைய பெட்டியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஹைபர்னேட்டையும் அமைத்துக் கொடுத்திருந்தான். இரவு அதை அழுத்தினால், மெமரியில் இருப்பதெல்லாம் டிஸ்க்கில் ஸ்வாப் என்கிற தனிப் பகுதியில் போய்ப் பதிந்துகொள்ளும், கரண்ட் நின்றுவிடும். மறுபடி போடும்போது இயந்திரம் அந்தப் பகுதியைத் தேடிப்போய், விட்ட இடத்திலிருந்து விழிக்கும். எங்கே தேடுவது என்பதற்கு ஒரு நீளமான எண் உண்டு, டிஸ்க்குக்கு டிஸ்க் அது மாறும். அந்த எண் தப்பாக இருந்தால் அது ஒன்றுமே நடக்காததுபோலப் புதிதாகத் தொடங்கி, ஸ்வாப்பில் இருந்ததையும் அழித்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன்தான் டிஸ்க்கை மாற்றினான். எண்ணை மாற்ற மறந்துவிட்டான்.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக் கொடுக்கிறவன். அக்கா போன் செய்து, "காலையில போட்டா எல்லாம் காலியா இருக்குடா" என்று சொன்னபோது முதலில் பிடிபடவில்லை. அடுத்த வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டுவிட்டது. 'என் தப்புதான்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஸ்கிரீன் கார்டு பழசு, அதனால்தான் என்று அளந்துவிட்டான். ஞாயிறு வந்து யாருக்கும் தெரியாமல் எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்பது திட்டம். நான்கு ஞாயிறு போய்விட்டது. ஐந்தாவது நாளைக்கு.

அவள் அவனுக்கென்று எழுதியது ஸ்வாப்பில் கிடக்கிறது. யாராவது பொத்தானை அழுத்தினால் அதோடு சரி. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அக்காவின் மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். அக்காவை எடுத்துப்போகும் வண்டிக்கு நாலு மணிக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு அறைக்குள் போனான். பையில் எப்போதும் இருக்கும் பென்டிரைவைச் செருகி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே இயந்திரத்தைக் கிளப்பினான். டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்பை எடுத்துக்கொள்ளாதே என்று தொடக்கத்திலேயே கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். அதை இரண்டு முறை அழித்து எழுதினான்.

சித்தி கதவருகே வந்து நின்றாள். அக்காவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அந்த உரிமையில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள்.

"அவ அங்க கிடக்கா. உனக்கு இப்ப கம்ப்யூட்டர் கேக்குதா?"

"அக்கா வேலதான் சித்தி."

"உயிரோட இருக்கறப்ப வந்து பாத்திருக்கணும்."

அவன் சொல்ல இருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். சித்தி உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கீபோர்டில் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

திரையில் டிஸ்க்கின் பகுதிகள் வரிசையாக வந்தன. ஸ்வாப்புக்கு நேராக, உள்ளே உறங்கும் மெமரி பத்திரமாக இருக்கிறது என்ற குறிப்பும் இருந்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஸ்வாப்பின் எண்ணில் இருந்த முப்பத்தாறு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதி, திரும்பச் சரிபார்த்தான். இனி பென்டிரைவை எடுத்துவிட்டு இயந்திரத்தை மறுபடி போட வேண்டும். முதலில் வரும் மெனுவில் நிறுத்தி, பழைய எண்ணை அழித்து, இதைத் தட்டிவிட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்புதான். ஒரு எழுத்து பிசகினாலும் எல்லாம் போய்விடும்.

மெனுவில் நிறுத்தினான். கட்டளை வரி விரிந்தது. அழிப்பதற்கு முன்னால், பழக்கத்தில், அங்கே இருந்த எண்ணை ஒரு முறை படித்தான்.

சீட்டைப் பார்த்தான். திரும்பத் திரையைப் பார்த்தான். விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டான். இரண்டும் ஒன்றுதான்.

அவன் மாற்றவில்லை. இந்த வீட்டில் அந்த எண்ணை மாற்றும் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் அவனைத் தவிர இன்னொருவர்தான் இருந்தார்.

எதையும் தொடாமல் அப்படியே கிளப்பிவிட்டான். டிஸ்க் விளக்கு விடாமல் மின்னியது. திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு அக்கா விட்டுப்போனது விட்டுப்போன இடத்தில் அப்படியே வந்து நின்றது. பெயர் வைக்காத கோப்பு, கடைசி வரியின் முடிவில் துடித்துக்கொண்டிருக்கும் கர்ஸர். மேலே போய் முதலிலிருந்து படித்தான்.

"காலை 7.10. இதுவரை எழுதியது மூணு தடவை போச்சு. திரும்ப முதல்லேருந்து.

மாலை 4.00. இன்டர்நெட்டில் ஒருத்தருக்கு இதே கோளாறு. டிஸ்க் மாத்தினா நம்பரையும் மாத்தணுமாம். தம்பி மறந்துட்டான். மாத்திவிட்டேன்.

மாலை 4.40. சரியா விழிச்சுது. எழுதினது அப்படியே இருக்கு.

இரவு 8.15. சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்கான்னான். சரின்னு வச்சிட்டேன்.

ஞாயிறு. வரலை. கடையில ஆள் இல்லையாம்.

புதன். இன்னும் அப்படியேதான் இருக்குன்னு சொன்னேன். ஸ்கிரீன் கார்டு பழசுங்கறான். அப்படியான்னு கேட்டுக்கிட்டேன்.

ஞாயிறு. வரலை.

ஞாயிறு. வரலை. மதியம் மூணு பேருக்குச் சமைச்சது மிச்சம்.

வியாழன். குரல் சோர்வா இருக்கு. சரியா சாப்பிடறது இல்லைன்னு நினைக்கிறேன். வந்தா கேக்கணும்.

ஞாயிறு. வரலை."

கடைசிப் பதிவு நேற்று இரவினுடையது.

"வெள்ளி, இரவு 9.50. நாளை மறுநாள் கண்டிப்பா வர்றானாம். வந்து பாக்கறப்ப பெட்டி நல்லா இருந்தா அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவான். நாளைக்குப் பழைய நம்பரைத் திரும்பப் போட்டு வைக்கணும்."

வாசலில் ஏதோ வண்டி நின்றது. யாரோ நாற்காலிகளை இறக்கச் சொன்னார்கள். மாமா அறை வாசலில் வந்து நின்றார். திரை இருந்த பக்கம் அவர் பார்வை போகவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன மாப்ள, சரியாயிடுச்சா?"

அவன் கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டான்.

"இல்ல மாமா. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

"பாரு, பாரு. வண்டி வர நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா கூடத்துக்குத் திரும்பிப் போனார். அவன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.