மஞ்சள் விளக்கும் ஈரத் துண்டும்

லாட்ஜுகளில் வாரிக் கட்டிய அழுக்கு விரிப்பு மூட்டைகளைக் காரின் பின்சீட்டில் கூரை முட்டத் திணித்துக்கொண்டு அவள் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பாலத்தை விட்டு இறங்கி இடதுபக்கம் வளைத்தபோது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒன்று மினுக்கியது. எண்ணெய்க் குப்பி போல ஒரு படம், அதற்கு அடியில் நெளிநெளியாக ஒரு கோடு. வளைவு முடிந்ததும் அணைந்துவிட்டது. அடுத்த சிக்னலில் பிரேக் போட்டாள், மறுபடி எரிந்தது.

எஞ்சினில் ஆயில் குறைந்திருக்கிறது. வண்டி குலுங்கும்போது இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது, அதனால்தான் விளக்கு கண்ணடிக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பாரம் சுமந்தே பழகிய பழைய வண்டி ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். ஒரு டப்பா வாங்கி ஊற்றினால் தீர்ந்தது.

ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எஞ்சினை நினைத்து அல்ல, புருஷனை நினைத்து.

அவள் புருஷன் சலவைக் கடை வைத்திருந்தான். எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதால் தெருவில் அவனுக்கு ‘வெந்நீர்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சலவைக் கடையில் அடிப்பதற்குக் கம்பு தேட வேண்டியதில்லை. ஈரத் துண்டை இறுக்கி முறுக்கினால் போதும். விழுந்த இடம் எலும்பு வரைக்கும் காந்தும், வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாஷிங் மெஷினில் பெல்ட் கருகுகிற வாசனை வருகிறது என்று அவள் ஒருமுறை சொன்னாள். “நீ அதிகமாப் போட்டதாலதான்டி கருகுது” என்று துண்டை எடுத்தான். குழாய் ஒழுகுகிறது என்று மகள் சொன்னாள். அவளுக்குக் கன்னத்தில் ஓர் அறை. அந்த வீட்டில் எது கெட்டாலும் முதலில் பார்த்தவர்தான் குற்றவாளி.

அவளே ஆயில் வாங்கி ஊற்றிவிடலாம் என்றால் கையில் காசு தங்காது. லாட்ஜுக்காரர்கள் பணத்தை நேராக அவனிடம்தான் கொடுப்பார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், அன்று மத்தியானமே மகளை நர்சிங் படிப்புக்காக வெளியூர் ஹாஸ்டலில் விடப் போக வேண்டும். முழுக்க முழுக்க லாரி ஓடுகிற பெரிய ரோடு. வழியெல்லாம் யோசித்து, கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

“என்னங்க, வண்டில மஞ்ச லைட்டு எரியுது. ஆயில் கொறைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஊத்திட்டுக் கெளம்பிடலாம்.”

“நெனைக்கிறியா? எப்போலேர்ந்து நீ நெனைக்க ஆரம்பிச்ச?”

“பாப்பாவும் வருதில்ல, அதான் சொன்னேன்.”

“போன மாசந்தான் மெக்கானிக் ஊத்தினான். அவனும் நீயும் கூட்டு சேர்ந்து எனக்கு மொட்டை அடிக்கிறீங்களா?”

வெந்நீர் பானெட்டைத் திறந்தான். மூட்டை இறக்க வசதியாகக் கடை வாசலில் சிமென்ட் சரிவு ஒன்று இருந்தது. வண்டி எப்போதும் அதில்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினான். மேல்கோடு வரை ஆயில் பளபளத்தது. சரிவில் நிற்கிற வண்டியில் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கும். கம்பி இறங்குகிற பக்கம் தேங்கிவிட்டால் இல்லாத ஆயிலையும் இருப்பதாகக் காட்டும். சமதரையில் நிறுத்தி, சற்று ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். வெந்நீர் யாரையும் கேட்கிற ஆள் இல்லை. மெக்கானிக் திருடன், கார் கம்பெனிக்காரன் கொள்ளைக்காரன், பெண்டாட்டி பொய்க்காரி. முதல் இரண்டில் கொஞ்சம் உண்மை இருந்தாலும் இருக்கலாம். மூன்றாவதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

“வாடி இங்க. இது என்ன?”

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கே குழப்பமாக இருந்தது.

“கண்ணு தெரியலல்ல? இப்பத் தெரியும்.” கம்பியில் இருந்த கறுப்பு ஆயிலை அவள் இரண்டு கண்ணிமைகளிலும் இழுத்துத் தேய்த்தான். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்வதற்குள் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரே தலையணை உறையைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். துண்டு தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, தடுக்கப் போன கையில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஈரம் தெறித்துச் சுவரில் புள்ளி வைத்தது. மகள் ஓடிவந்து நடுவில் நின்றாள். அவளை ஒரு கையால் தள்ளியதில் சோப்புத்தூள் டப்பாக்களின் மேல் போய் விழுந்தாள்.

“பொய் சொல்லுவியா? இன்னொரு தடவ லைட்டு கிட்டுன்னு வாயத் தெறந்த, வாய்லயே போடுவேன்.”

அதோடு விடவில்லை. வண்டிக்குள் ஏறி, கறுப்பு டேப்பைக் கிழித்து, விளக்குகள் எரிகிற இடம் முழுக்க வரிசையாக ஒட்டினான். “இப்ப எரியட்டும், பாக்கலாம்” என்று தானே சிரித்துக்கொண்டான்.

மத்தியானம் கிளம்பினார்கள். மகள் முன்னால், அவள் பின்னால் மகளின் பெட்டியோடும் படுக்கையோடும். முதுகு சீட்டில் படாமல் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். இமை இன்னும் எரிந்தது. வெந்நீருக்கு அடித்து முடித்த பிறகு ஒரு நல்ல குணம் வரும். பாட்டுப் போட்டான், ஹாஸ்டலில் வாய்க்கு ருசியாகக் கிடைக்காது என்று மகளிடம் வருத்தப்பட்டான்.

பெரிய ரோட்டில் வேகம் பிடித்த கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலை மெதுவாகத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் காதிலும் விழுந்திருக்கிறது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. மகள் வாயைத் திறந்தாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டலுக்காகப் பிறகு அவள் எவ்வளவோ அழுதாள். ஆனால் அப்போது அவள் கணக்கு வேறு. சொன்னால் ஓடுகிற வண்டியிலேயே கை நீட்டுவான், ஸ்டீயரிங் தப்பும். எப்படியாவது ஹாஸ்டல் வாசலுக்குப் போய்விட்டால் பெண் உள்ளே போய்விடுவாள், அப்புறம் தன்னை என்ன செய்தாலும் செய்யட்டும். தட்டல் இடியாக மாறியது. வெந்நீர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

எஞ்சின் இறுகி, கட்டிப்போட்ட மாதிரி வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த மணல் லாரி அலறிக்கொண்டே திரும்பப் பார்த்தது. முழுதாகத் திரும்ப இடமில்லை. பின் மூலையில் இடித்து, காரைச் சுழற்றி, நடுச்சுவரில் கொண்டுபோய்ச் சாத்தியது. கண்ணாடி மழையாகக் கொட்டியது. படுக்கை நடுவில் இருந்ததால் அவள் உயிர் பிழைத்தாள், ஒரு கை மட்டும் தொங்கிவிட்டது. மகளின் முகம் கதவில் மோதியிருந்தது. உள்ளங்கையில் ரத்தத்தைத் துப்பினாள். கூடவே இரண்டு பற்கள் விழுந்தன.

வெந்நீருக்குச் சிராய்ப்புதான். இறங்கினான். மகளைப் பார்த்தான், புகைகிற எஞ்சினைப் பார்த்தான். யார் மேலாவது பழி விழுந்தாக வேண்டும் அவனுக்கு. பின்கதவைப் பிடுங்கித் திறந்து பெண்டாட்டியின் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தான்.

“சத்தம் கேட்டுச்சுல்ல? கேட்டுக்கிட்டுத்தானடி உக்காந்திருந்த? ஏன்டி சொல்லல?” காலால் உதைத்தான்.

“காலைல சொன்னாங்கல்ல?” மகளின் குரல் ரத்தத்தில் கொழகொழத்தது. “சொன்னாலும் அடி, சொல்லலன்னாலும் அடியா? நீங்களே சொல்லுங்கப்பா, நாங்க எதத்தான் செய்யணும்?”

அவளை நோக்கியும் கை ஓங்கினான். அந்தக் கையை லாரி டிரைவர் பிடித்தான். பிடித்த வேகத்தில் வெந்நீர் பாதி திரும்பிவிட்டான்.

“யோவ், அடிபட்டுக் கெடக்குற பொம்பளைய மிதிக்கிற, நீயெல்லாம் ஒரு ஆளா? தொவைச்சுக் காயப்போட்டுருவேன்.”

அதற்குள் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நியாயம் வேண்டுமோ என்னவோ, அடிக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும். முதல் குத்து தாடையில், அடுத்தது விலாவில். யாரோ ஒருவன் செருப்பைக் கழற்றினான். வெந்நீர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு காரோரம் சுருண்டான். அவள் தினமும் சுருள்கிற மாதிரியே இருந்தது.

“விடுங்க. அடிக்காதீங்க.” அவள் தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இவனுக்கா பாவம் பாக்குறீங்க?” என்றான் லாரி டிரைவர்.

“பாவம் பாக்கல. அடி விழுறப்ப காதுல ஒண்ணும் ஏறாது. எனக்குத் தெரியும். நான் பேசப்போறது இவரு காதுல விழணும்.”

கூட்டம் விலகியது. ரோந்து ஜீப் வந்து நின்றது. அதிகாரி லாரியின் உடைந்த விளக்கைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், தப்பு லாரி மேல்தான் என்ற வழக்கமான முடிவுக்கு வந்துவிட்டார். வெந்நீரும் அதைப் பிடித்துக்கொண்டு உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி எழுந்தான்.

“ஆமா சார், கண்மண் தெரியாம வந்து இடிச்சிட்டான். இவளையே கேளுங்க.” அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் துண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

மகள் தன் பற்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள்.

“லாரிக்காரர் மேல தப்பு இல்ல சார். ஆயில் இல்லாம எஞ்சின் நின்னுபோச்சு. லைட்டு எரியுதுன்னு காலைல இவர்கிட்ட சொன்னேன். ஈரத் துண்டால அடிச்சாரு. வழில சத்தம் கேட்டுச்சு. அடிக்குப் பயந்து நான் சொல்லல, என் பொண்ணையும் சொல்ல விடல.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் இதுல வராதும்மா. வண்டி விஷயத்த மட்டும் சொல்லுங்க.”

“வண்டி விஷயமே அதான் சார். ஆயில் கொறைஞ்சா ஒரு டப்பா ஊத்தினா சரியாப் போயிடும். கெட்டத மொதல்ல பாத்துச் சொல்றவங்கள அடிச்சா, அந்த வீட்டுல யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. நெருப்பே புடிச்சாலும் பேசாம உக்காந்திருப்பாங்க. இன்னிக்கு நாங்க அப்படித்தான் உக்காந்திருந்தோம். இனி அந்த வீட்டுக்கு நானும் என் பொண்ணும் போக மாட்டோம். எங்க வேணாலும் வந்து சொல்றேன். இப்ப நான் சொன்னத, ஒண்ணு விடாம எழுதிக்கோங்க.”

அதிகாரி அவனைப் பார்த்தார். பிறகு ஒரு புதுத் தாளைத் திருப்பி, முதலில் இருந்து எழுத ஆரம்பித்தார்.