சிம்லேபானிக்குப் போன டர்பைன்

மலையடிவாரத்துப் பூட்வல் பட்டறையில் நாங்கள் செய்த மூன்றாவது டர்பைன் அது, தண்ணீர் வேகத்தில் சுழன்று ஆலையை ஓட்டும் சக்கரம். இரும்புக் குழாயை நெடுக்காக அறுத்து, இருபத்தெட்டு வளைந்த தகடுகளாக்கி, இரண்டு வட்டுகளுக்கு நடுவே வைத்துப் பற்றவைத்தவன் நான். மன்பீர் காமி என்று பெயர் சொன்னாலே மலையில் சாதி தெரிந்துவிடும். காமி என்றால் கொல்லன். என் கை பட்ட தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள்.

எட்டுச் சுமைக்காரர்கள் நெற்றிப்பட்டையில் மாட்டி முதுகில் சுமந்து, இரண்டு நாள் ஏறி அதைச் சிம்லேபானி என்ற மலையூரில் இறக்கினார்கள். ஆலைக்காரர் தில்பிக்ரம் தாபா, பொருத்தி முடிக்கும்வரை என்னை உள்ளே விட்டார். பிறகு புரோகிதர் வந்து தண்ணீர் தெளித்துப் பூஜை செய்தார்.

"மிஸ்திரி, இனி நீ வாசல்லயே நில்லு. அரிசியும் மாவும் புழங்கற இடம்," என்றார் தாபா.

மதகைத் திறந்தார்கள். மலை மேலிருந்து குழாய் வழியே தண்ணீர் இறங்கிய சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. சக்கரம் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். பேரிங்கைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்துவிட்டது. வெளியில் நின்றே எனக்குத் தெரிந்தது.

"தண்ணிய அடைங்க!" என்று கத்தினேன்.

மதகை அடைத்தார்கள். தாபா ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பிடிப்பதென்றே அவருக்குப் புரியவில்லை. நான் வாசற்படியில் நின்றேன்.

நெல்மூட்டையோடு விடிகாலையிலிருந்து காத்திருந்த கீம்கலா வாய் திறந்தாள். "அண்ணே, அவன் கை படாத ஆணி இதுல ஒண்ணாவது இருக்கா? பூஜையில போல்ட் இறுகிடும்னா, புரோகிதரையே ஸ்பானரைப் பிடிக்கச் சொல்லுங்க. பதினஞ்சு வருஷமா கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சு, கால் உலக்கையில நெல்லு மிதிக்கறேன். என் கால் இன்னிக்கு ஓய்வு கேக்குது."

கூட்டத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தாபா தலையைக் குனிந்துகொண்டு, "சரி, வா," என்றார்.

போல்ட்டை முறுக்கினேன். மீண்டும் மதகு திறந்தது. இம்முறை சீரான முழக்கம்.

பட்டறையில் நாங்கள் அதைக் கையால் சுற்றித்தான் பார்த்திருந்தோம். தண்ணீர் ஒரு பக்கத் தகடுகளைத் தள்ளி, நடுவெளியைத் தாண்டி, மறுபக்கத் தகடுகளையும் தள்ளிவிட்டுப் போகும் என்று எஞ்சினியர்கள் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். இப்போது அது என் உள்ளங்காலில் அதிர்ந்தது. காலையில் கால் நனைத்துத் தாண்டிய ஓடையா இது? 

டர்பைன் ஓட்டிய அரவை இயந்திரத்தில் கீம்கலாவின் நெல்லைக் கொட்டினார்கள். அரை நாள் மிதிக்க வேண்டிய நெல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசியாக விழுந்தது. அவள் குவியலுக்குள் கையை விட்டாள்.

"சூடா இருக்குடி," என்றாள். ஒரு பிடி அள்ளிப் பக்கத்தில் நின்றவளின் கையில் வைத்தாள். 

நான் உள்ளே போன தீட்டுக் கழிய, மறுநாள் புரோகிதர் மறுபடி தண்ணீர் தெளித்தாராம். ஆனால் அந்த மழைக்காலத்தில் பேரிங் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது, தாபா வாசலில் என்னை நிறுத்தவில்லை. அவரே கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.