மஜீத் ஊற்றிய தண்ணீர்

பத்து வருடத்துக்கு முன்னால் நடந்தது, கண்ணுகளா. ஏற்காட்டில் பெயர்ப்பலகைக் கடை நடத்திய பரிதாவின் லேசர் மிஷின் பலம் குறைந்துபோனது. பலகையை வெட்ட வேண்டிய ஒளி மேலாகக் கோடு மட்டும் கிழித்தது. அவளும் இரண்டு பெண்களும் அந்த மிஷினை நம்பித்தான் இருந்தார்கள்.

சேலத்து மெக்கானிக் அருள்சாமி லென்ஸைத் துடைத்துப் பார்த்தார்; மாறவில்லை. லேசர் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே பாசி.

“ஏனுங்கக்கா, ஊத்துத் தண்ணிங்களா?”

“ஆமாங்க. மலைத் தண்ணி சில்லுனு இருக்கும், மிஷினுக்கு நல்லதுன்னு எங்க ஊட்டுக்காரருதான் கரடியூர்ல புடிச்சாந்து ஊத்துவாரு.”

“குடிக்கத்தானுங்க நல்லது. பாசி புடிச்சா குழாய்ல சூடு எறங்காது, வெடிச்சே போயிருமுங்க. மாசாமாசம் மாத்தோணும்னு மஜீத் அண்ணங்கிட்டச் சொல்லியிருந்தனே?”

“மாத்துனாருங்க. கடைசியா ஊத்துன மறுநாள்தான் மவுத்தானாரு.”

கணவர் இறந்து ஏழு மாதமாக அவள் அந்தத் தண்ணீரைத் தொடவேயில்லை. அருள்சாமி பைப்பைக் கழற்றாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அவளே கழற்றினாள். பச்சைத் தண்ணீர் வாளியில் நிறைந்தது. அருள்சாமி எல்லாவற்றையும் கழுவி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை நிரப்பினார். ஒளி ஒரே இழுப்பில் பலகையை வெட்டியது.

வாளியை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், கடை சாத்தும்வரை பரிதா அதைத் தன் காலடியிலேயே வைத்திருந்தாள்.