மூன்று முறை லபாஸ்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். டாக்டர் மஸ்மூதி என்னைப் பார்த்ததும் "லபாஸ்?" என்று கேட்டார். "லபாஸ், ஹம்துல்லா" என்றேன். அதாவது ஒரு குறையும் இல்லை, இறைவனுக்கு நன்றி.

குறை இருந்தது. அதைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறிப் போனேன். மனச்சோர்வுக்கு அவர் கொடுத்த மாத்திரையை எட்டு வாரமாக விழுங்குகிறேன். ஒரு நாள்கூட விடவில்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐம்பத்தாறு டிக் இருக்கிறது. ஆனாலும் விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. எதைத் தின்றாலும் அட்டையைத் தின்பது போலிருக்கிறது. பழுதுபார்க்கும் வகுப்பில் ஒரு திருகாணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் விடவில்லை. "வீட்ல லபாஸ்?" லபாஸ். "தூக்கமெல்லாம் லபாஸ்?" அதற்கும் வாய் தானாக லபாஸ் என்றது. எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மாடிப்படி இறங்கித் தெருமுனைக்குப் போவதற்குள் ஏழு பேர் இதைக் கேட்கிறார்கள். ஏழு பேருக்கும் ஒரே பதில்தான். டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அதே மாத்திரையை இன்னும் மூன்று மாதத்துக்கு எழுதித் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் குலூத் அக்கா மருந்துச் சீட்டைப் பார்த்தாள்.

"மூணு மாசத்துக்கா? டேய் வஜ்தி, வேலை செய்யலைன்னு சொல்லத்தானே போன?"

"சொல்ல வந்தேன்க்கா. டாக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"அப்ப மாத்திரை அவங்களுக்கு நல்லா வேலை செய்யுது."

"ஒருவேளை நான்தான் ஒழுங்கா முழுங்கலையோ என்னவோ."

"முழுங்கறதுல என்னடா ஒழுங்கு?"

"நான் நின்னுக்கிட்டே முழுங்கறேன்."

அக்கா சீட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு, "உன்னை லாரி இடிச்சாக்கூட டிரைவர்கிட்ட லபாஸ்னு சொல்லுவ. அவன் பொண்டாட்டி புள்ளைங்களையும் விசாரிச்சுட்டுத்தான் மயக்கம் போடுவ" என்றாள்.

டாக்டரின் உதவியாளருக்கு அவளே போன் செய்தாள். வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்தது.

பிப்ரவரி 5, புதன்

மதியம் சமையலறையில் ஒத்திகை. அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கா டாக்டராக உட்கார்ந்தாள். ஐந்து முறை "லபாஸ்?" என்று கேட்டாள், ஐந்து முறையும் லபாஸ் என்றேன். ஆறாவது முறை "இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் உடனே "நீங்க லபாஸா?" என்றும் சேர்த்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாப்பாடு போட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

"நாலு கரண்டி ஹரிஸ்ஸா போட்டிருக்கேன்டா. இந்நேரம் நீ மிளகாய் எரிச்சல்ல தெருவுக்கு ஓடியிருக்கணும்." அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள்.

மாலை வகுப்பில் ஃப்ரிஜ் பழுது. ஆசிரியர் சொன்னது: வீட்டுக்காரர் பேச்சை நம்பாதே, நன்றாகத்தான் ஓடுகிறது என்பார், உள்ளே வெப்பமானியை வை, பழுதுத் தாளை நிரப்பு. நான் நிரப்பாத பழுதுத் தாள் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வகுப்பில் எழுதியதை அதிகம் அடித்துத் திருத்துபவன் நான்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர், "வாப்பா, லபாஸ்?" என்றார். "லபாஸ், ஹம்துல்லா" என்று சொல்லிக்கொண்டே தாளை நீட்டினேன். நான் நிரப்பியிருந்தது இது:

சாதனம்: வஜ்தி. தயாரிப்பு ஆண்டு: 2001.
புகார்: ஓடுகிறது, குளிரவில்லை.
செய்த பராமரிப்பு: மாத்திரை, 58 நாள், தவறவில்லை.
மாற்றம்: இல்லை. தூக்கம் நான்கு மணி நேரம். எடை ஐந்து கிலோ குறைவு.
சோதனை: ஹரிஸ்ஸா நான்கு கரண்டி. கண்ணீர் வரவில்லை.
பழுதுபார்ப்பவர் கருத்து: என் தவறாகவும் இருக்கலாம்.

டாக்டர் முதலில் சிரித்தார். "நாலு கரண்டியா?"

"அக்கா போட்டது, டாக்டர்."

மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்குப்பா. லபாஸான்னு கேட்டா லபாஸ்னுதான் வரும். என் முதுகு ஒரு வாரமா உயிரை வாங்குது, காலைல ஆறு பேர்கிட்ட லபாஸ்னுதான் சொல்லியிருக்கேன்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

இந்தக் கேள்விக்கு என் வாயில் தயார் பதில் எதுவும் இல்லை. அதனால் உண்மையே வந்துவிட்டது.

"இல்ல டாக்டர். ஆனா சில நாள், பஸ் நம்ம ஸ்டாப்ல நிக்காம அப்படியே போய்க்கிட்டே இருந்தா தேவலைன்னு இருக்கும்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். "அதுக்கு மேல தோணினா அன்னைக்கே போன் பண்ணணும். சீட்டு வாங்கி வரிசையில உக்காரக் கூடாது. அக்காகிட்டயும் என் நம்பரைக் குடு." பிறகு, "இந்த மருந்து சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. எட்டு வாரம் பார்த்தாச்சு, மாத்திடுவோம். ஆனா பழசைப் படக்குன்னு நிறுத்தாத. நான் எழுதித் தர்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்" என்றார்.

"நான் நின்னுக்கிட்டு முழுங்கினதால இருக்குமா, டாக்டர்?"

"நீ தலைகீழா நின்னு முழுங்கியிருந்தாலும் இதேதான்பா."

என் தாளை எடுத்துக் கடைசி வரியைப் பேனாவால் நேராக அடித்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நான் எழுதியதை இன்னொருவர் அடித்து எனக்கு நிம்மதி வந்தது அதுதான் முதல் முறை.

கதவருகே, "அம்மா லபாஸ்?" என்று கேட்டார்.

"லபாஸ், ஹம்துல்லா" என்றேன். அது உண்மை.

நாளை: காலை எட்டு மணிக்குப் பழைய மாத்திரையில் பாதி. எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எழுத வேண்டும். அக்காவிடம் டாக்டரின் நம்பரைக் கொடுக்க வேண்டும்.