வெங்காய வயலில் வேர்விட்டவன்

போர் தொடங்கிய ஆண்டு, வெங்காயம் பயிரிட்ட குடும்பத்தின் மூத்த மகன் முழங்கால் வரை வேர் விட்டான். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் அம்மா பழைய கோட்டு ஒன்றை மாட்டி, தலையில் சட்டியைக் கவிழ்த்து, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அவனை வயல் நடுவே நிறுத்தினாள். ஊரில் முகாம் போட்ட சிப்பாய்கள் கோழிகள் தீரும்வரை கிளம்பவில்லை. அதற்குள் அப்பாவுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை வந்துவிட்டது. பாய்ச்சினார். வெங்காயத்துக்கு எரு வைத்த கை, மகன் காலடியிலும் ஒரு கூடை கொட்டியது.

"பெத்த புள்ளைக்கு யாராவது எரு வைப்பாங்களா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் வச்சுட்டு இவனை மட்டும் எப்படிடி விடறது? ஓரவஞ்சனை ஆயிடாதா?" என்றார் அப்பா.

அடுத்த முறை வந்த அதிகாரி கெட்டிக்காரர். பொம்மை தும்மியதைக் கண்டுபிடித்துவிட்டார். சிப்பாய்கள் இழுத்தார்கள், கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் கழன்று வந்ததே தவிர மகன் வரவில்லை. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது ஆள் அல்ல, விளைச்சல் என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். அந்த அரசாங்கம் அவனுக்கு மரவரி போட்டது. அதைக் கவிழ்த்து வந்த அரசாங்கம் அவனைப் பொதுச்சொத்து என்றது. அதையும் கவிழ்த்தவர்கள் அவன் கழுத்தில் தங்கள் கொடியைக் கட்டி, ஒலிபெருக்கி ஒன்றையும் தொங்கவிட்டார்கள். அதில் வந்த பேச்சைக் கேட்டுக் காகங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. வெங்காயம் நன்றாக விளைந்தது. மழைக்கு மழை அவன் ஒரு முழம் வளர்ந்தான். தங்கை ஏணி வைத்து ஏறி அவனுக்கு மீசை திருத்திவிட்டாள். கூலி கேட்டு நச்சரித்தாள்.

ஒருவழியாகப் போர் முடிந்தது. மற்ற வீடுகளுக்குப் பிள்ளைகள் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. கண்ணுக்கு எதிரே நிற்கும் மகன் ஒரு நாளாவது வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அப்பா மண்வெட்டியோடு போய், காலடியைக் கொஞ்சம் பறித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினார். வேர் கிணறு வரை போயிருக்கிறது, அறுத்தால் பிள்ளை வாடிவிடுவான் என்றார். மகனும், "விடும்மா, நின்னே பழகிடுச்சு" என்றான்.

அம்மா வரப்பில் உட்கார்ந்து வீட்டையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீ வீட்டுக்கு வர முடியலைன்னா வீடு உன்கிட்ட வரட்டும்டா."

மறுநாளே வீட்டைச் செங்கல் செங்கலாகப் பிரித்தார்கள். அவனைச் சுற்றி அதே நான்கு சுவரையும் எழுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா பரண்மேல் ஏறி உட்கார்ந்து அவனுக்கு ஊட்டுவாள். உப்புப் போதவில்லை என்று அவன் குறை சொல்வான். தங்கைதான் கூடத்தில் பாய் விரிக்க இடமில்லை என்று இன்னும் முணுமுணுக்கிறாள். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் கொத்தனார் வந்து கூரையைக் கொஞ்சம் தூக்கிவைத்துவிட்டுப் போகிறார்.