அர்ச்சுனன் சாப்பிடப் போனால்

புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபிசுக்கு இமெயில் வந்த வாரம், கணக்கு எழுதும் கிராணி வள்ளிநாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. குலைக் கணக்கைத் தினமும் லோரியில் சிரம்பான் தலைமை ஆபிசுக்குக் கொடுத்தனுப்பிய காலம் போயிற்று. இனி ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

ஆபிஸ் மூலையில் ஒரு பெட்டி, அதுதான் சர்வர். போகிற மெயிலும் வருகிற மெயிலும் அதன் வழியாகத்தான். வள்ளிநாயகி மேசையில் ஒரு கம்ப்யூட்டர், மேனேஜர் இராஜமாணிக்கம் அறையில் ஒன்று, கேட்டை ஒட்டி லோரிகளை எடை போடும் தராசுக் கொட்டகையில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு கறுப்பு வயர் இணைத்தது. கொட்டகைக் கம்ப்யூட்டரை மட்டும் சிரம்பான் ஆள் வந்து வயரோடு சேர்த்துப் பூட்டவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வள்ளிநாயகியே பூட்டினாள். வீட்டில் மாமியாரிடம்கூட இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மெயில் நின்றுபோனது. சிரம்பானுக்கு ஃபோன் போட்டாள். முதலாளியின் தங்கை மகன் சோலையப்பன்தான் அங்கே கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு. பொறுமைசாலி.

"வயரைப் பிடுங்கிச் சொருகினீங்களா?"

"சொருகிட்டேன் சார்."

"சர்வரை அணைச்சுப் போட்டீங்களா?"

"அதுவும் ஆச்சு சார்."

"சரி, பிங் பண்ணுங்க."

"என்ன பண்றது சார்?"

"பிங். சர்வரைப் பார்த்து, 'இருக்கியா'ன்னு கேக்கற மாதிரி. இருந்தா பதில் சொல்லும்."

வள்ளிநாயகிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் சொன்னபடி தட்டினாள். "பதில் வருது சார்! இருக்கேன்னு சொல்லுது. ஆனா மெயிலை மட்டும் வாங்க மாட்டேங்குது."

"அதெப்படி?" என்றார் சோலையப்பன். அவருக்கே குழப்பம்.

ஃபோனை வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே மெயில் போனது. துள்ளி எழுந்து, "போயிருச்சு!" என்று கத்தினாள். மேனேஜர் வந்து பார்ப்பதற்குள் மறுபடி நின்றது. மத்தியானம் கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது. மூன்று மணிக்கு மேல் மறுபடி ஓடியபோது எதேச்சையாக ஜன்னல் வழியே பார்த்தாள். தராசுக் கொட்டகை காலி. கொஞ்ச நேரத்தில் கேண்டீன் பக்கமிருந்து, அங்கே எடை போடும் அர்ச்சுனன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கொட்டகைக்குள் போனார், மெயில் நின்றது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அர்ச்சுனண்ணன் சாப்பிடப் போனா மெயில் போகுது."

இராஜமாணிக்கம் முழங்கால் வரை காலுறை போட்டுக்கொண்டு, தோட்டத்தையே விறைப்பாக நடத்துகிறவர். கண்ணாடியைக் கழற்றினார். "அவன் சாப்பிடுறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியலை சார். சோதிச்சுப் பார்த்துருவோம்."

ஜன்னலில் எட்டிக் கூப்பிட்டாள். "அர்ச்சுனண்ணே! போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க!"

"இப்பத்தானே குடிச்சேன், கிராணிம்மா!"

"மேனேஜர் சொல்றாரு லா!"

மேனேஜரே சொன்ன பிறகு அர்ச்சுனனுக்கு என்ன யோசனை? எழுந்து போனார். வள்ளிநாயகி தட்டினாள். மெயில் பறந்தது. அவர் திரும்பி வந்தார்; நின்றது. இப்போது மேனேஜருக்கே வெறி பிடித்துவிட்டது. பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "அர்ச்சுனா! ரொட்டி சானாய் சாப்பிடு! என் கணக்கு!"

போனார். மெயில் ஓடியது. வந்தார். நின்றது. "இன்னொண்ணு சாப்பிடு!"

"சார், வயித்துல இடமில்ல சார்!"

"சும்மா போயி உக்காருடா!"

எடை போட ஆளில்லாமல் கேட்டில் லோரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. வள்ளிநாயகி மேசையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த நிலையிலேயே சிரம்பானுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். சோலையப்பன் சிரிக்கவில்லை.

"அவர் எழுந்து போறப்ப என்ன செய்வார்?"

"கம்ப்யூட்டரை அணைச்சு, உறை போட்டுட்டுப் போவாரு சார். தூசி படக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன அட்ரஸ் நம்பர் போட்டீங்க?"

"சர்வர்ல இருந்ததைப் பார்த்து அப்படியே போட்டேன் சார். ஒரு புள்ளி மாறலை."

ஃபோனில் ஒரு வெடிச் சிரிப்பு. "ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டா தபால்காரன் எந்தக் கதவைத் தட்டுவான்? நீங்க பிங் பண்ணப்ப 'இருக்கேன்'னு பதில் சொன்னது சர்வர் இல்லை. அர்ச்சுனன் கம்ப்யூட்டர்!"

வள்ளிநாயகிக்குக் காது வரை சூடேறியது. தான் பூட்டியது என்று பெருமை பேசிய கம்ப்யூட்டர்! மேனேஜரிடம் சொன்னாள். அவர் முகம் இறுகியது. திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை, சிரிப்பு வந்தது. மேசையில் கவிழ்ந்துவிட்டார்.

அவள் லோரிகளுக்கு நடுவே புகுந்து கொட்டகைக்கு ஓடினாள். அர்ச்சுனன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, கடைசி எண்ணை மாற்றினாள்.

"கிராணிம்மா, போடறப்பல்லாம் இதுல ஒரு கட்டம் வந்து இங்கிலீஸ்ல ஏதோ சொல்லும். நான் மரியாதையா ஓகே அமுக்கிருவேன். இனிமே வராதா?"

"வராதுண்ணே. ரெண்டுக்கும் ஒரே நம்பர்னுதான் அது சொல்லிக்கிட்டிருந்துச்சு," என்று சொல்வதற்குள் அவளுக்கு மறுபடி சிரிப்பு.

ஆபிசுக்கு ஓடிவந்து குலைக் கணக்கை அனுப்பினாள். அர்ச்சுனன் கொட்டகையிலேயே இருந்தார், மெயிலும் போனது. "வந்துருச்சு," என்றார் சோலையப்பன்.

வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போகப் புருஷன் தங்கராஜு மோட்டார் சைக்கிளில் வந்தான். "என்னடி முகம் இப்படிச் சிவந்திருக்கு?"

"அது வந்து... அர்ச்சுனண்ணன்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஏதென்று தெரியாமலே அவனும் சிரிக்கத் தொடங்கினான். லுக்குட் போகும் சாலையில் மோட்டார் ஆடி ஆடிப் போனது.