பிரிவு உபசார ஆட்டம்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவள் துணைப் பயிற்சியாளராக இருந்தபோது, இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அணித்தலைவியின் முழங்கால் வீங்கிவிட்டது.

"இவ ஆடக்கூடாது சார்" என்றாள்.

தலைமைப் பயிற்சியாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒரு ஊசி போட்டா குதிரை மாதிரி ஓடுவா."

ஓடினாள். கோப்பை வந்தது, கால் போனது. பெண்ணின் அப்பா கல்லூரி வாசலில் வந்து கத்தியபோது, ஆடலாம் என்று சொன்னதே துணைப் பயிற்சியாளர்தான் என்று தலைமைப் பயிற்சியாளர் முதல்வரிடம் கூசாமல் சொன்னார். அவள் வேலை பறிபோயிற்று. அவருக்குச் சிறந்த பயிற்சியாளர் பதக்கம் கிடைத்தது.

அவள் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆசிரியர்கள் ஸ்கூட்டர் நிறுத்துகிற சிமெண்டுத் தரைதான் அங்கே மைதானம். பெண்களைப் பிழிந்தெடுத்தாள். 'விசிலம்மா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கால் போன பெண்ணைத் தேடிப் பிடித்துத் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டாள்.

பழைய தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெறுகிற ஆண்டில், இறுதி ஆட்டத்தில் இரண்டு கல்லூரிகளும் மோதின. அவர் கல்லூரி அரங்கம்தான். அதற்கு அவர் பெயரையே வைப்பதாகப் பேச்சு. மூன்றாவது பகுதி முடிவதற்குள் விசிலம்மாவின் அணி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இடைவேளையில் அவரே வந்தார்.

"என் கடைசி மேட்ச்மா. பேரப்பசங்க எல்லாம் வந்திருக்காங்க. கொஞ்சம் பாத்து ஆடச் சொல்லேன்."

"சொல்றேன் சார்" என்றவள், பெண்களிடம் திரும்பினாள். "அவங்கள மூச்சு விட விடாதீங்க."

கடைசிப் பகுதியில் அவர் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

ஓய்வு பெறுகிறவர் என்ற மரியாதைக்கு, பரிசளிப்பில் சிறந்த பயிற்சியாளர் கேடயத்தை அவர்தான் கொடுக்க வேண்டும். செத்த முகத்தோடு நீட்டினார். விசிலம்மா கை நீட்டவில்லை.

"இவ கையில குடுங்க சார்."

துணைப் பயிற்சியாளர் காலை இழுத்து இழுத்து மேடையேறினாள்.

"யாரும்மா இது?" என்றார் அவர். எதிரே மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

"உங்க பதக்கத்துக்காக ஊசி போட்டுக்கிட்டு ஓடினவ சார்" என்றாள் விசிலம்மா.

அரங்கம் முழுக்கக் கேட்டது. கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு, படிக்கட்டின் கைப்பிடியைத் தடவித் தடவி அவர் இறங்கினார். அரங்கத்துக்குப் பெயர் வைக்கிற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் பெண்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, ரொம்பப் போயிட்டோமோ?" என்றாள் துணைப் பயிற்சியாளர். "பேரன் அழுதுட்டான்."

"பாத்தேன்" என்றாள் விசிலம்மா. "ஆனா எனக்கு இன்னும் ஆறல."